ஆண்பிள்ளை இல்லாத வீட்டு வியாபாரம்

"சாக்கைக் கீழ வை தம்பி! உள்ள போகாதே, அங்கேயே நில்லு!"

ஊரே இபு, அதாவது அம்மா, என்று அழைக்கும் பக்கத்து வீட்டுத் தார்மி வாசலை மறித்து நின்றார். கூரியர்காரன் பாகாஸ் தூக்கிய சாக்கோடு, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த முர்தினியைப் பார்த்தான். அவள் எதிரே கைபேசியில் நேரலை விற்பனை ஓடிக்கொண்டிருந்தது. விற்பதற்காகத் தைத்திருந்த, பூனைக்காது வைத்த குழந்தைகள் முக்காடு ஒன்றால் சட்டென்று அதை மூடினாள்.

"தினம் வர்றவர்தானே, இபு?"

"தினம் வர்றான். அதான் பேச்சு. புருஷனை விட்டவ வீட்டுக்கு ஒரு ஆம்பளை தினம் எதுக்கு வர்றான்?"

"பார்சல் எடுக்க."

"அது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் ஜாவாவின் அந்த மலையூரில் ஒரே பெயர்தான்: ஜண்டா. கணவன் வேறொருத்தியோடு போனான். பெயர் இவளுக்கு வந்தது.

தார்மியின் கணவர் சர்வோனோதான் ஊர்த்தலைவர். அன்று மாலைக் கூட்டத்தில் அவர் இரண்டு விஷயங்களை எடுத்தார். ஒன்று, நகரத்திலிருந்து சின்னச் சின்ன இணைய வியாபாரிகளை ஊருக்குள் வரவழைப்பது. அவர்களுக்காக, காலியாய்க் கிடந்த ஊர்ப் பொதுக்கூடத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று. வாடகை கிடையாது, இணையமும் இலவசம். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த முர்தினி, ஐயா என்பதற்கு அங்கே சொல்லும் ‘பாக்’கைச் சேர்த்து மெல்லக் கேட்டாள்:

"நான் பண்றதும் அதே வியாபாரந்தானே, பாக்?"

கூட்டமே சிரித்தது. "நீ முக்காடு விக்கிறே. வர்றவங்க கம்பெனி நடத்துறவங்க!" என்றார் சர்வோனோ.

இரண்டாவது விஷயம் அவளேதான். கூரியர் இனி அவள் வீட்டுக்குப் போகக்கூடாது; தலைவர் வீட்டில், தார்மி இபு சாட்சியாக இருக்கும்போது மட்டும் பார்சல் எடுக்கலாம். இதற்கு யாரும் கைதட்டவில்லை. மறுக்கவும் இல்லை.

தார்மி இபுவுக்கோ சந்தை உண்டு, கல்யாண வீட்டுச் சமையல் உண்டு. சாட்சி வீட்டில் இருப்பதே அபூர்வமாயிற்று.

"உங்க ஒருத்தர் பார்சலுக்குத்தான் அக்கா நான் மலை ஏறி வர்றேன். சாட்சி சந்தைக்குப் போயிருக்குன்னு ஆபீசுல சொன்னா சிரிக்கிறாங்க," என்றான் பாகாஸ். அடுத்த வாரம் அலுவலகம் அவன் வழித்தடத்திலிருந்து அந்த ஊரையே எடுத்துவிட்டது. முர்தினி மூட்டைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மலைக்குக் கீழே காலிசாரி ஊரில் இருந்த கூரியர் அலுவலகத்துக்குத் தானே போய்க் கொடுத்து வந்தாள். தையலில் பாதி நேரத்தை அந்தப் பாதை தின்றது. தாமதமென்று வாடிக்கையாளர்கள் திட்டினார்கள்.

அப்போதுதான் யோக்யகர்த்தா நகரத்திலிருந்து, இணையத்தில் சோப்பு விற்கும் ஒரு தம்பதி கூடத்தைப் பார்க்க வந்தார்கள். சர்வோனோ சுவரைக் காட்டினார், விளக்கைக் காட்டினார், இணைய வேகத்தைக் காட்டினார். அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்.

"இங்க கூரியர் எப்ப வருவாரு?"

"முன்னாடி தினம் வந்துட்டிருந்தாரு..."

"ஏன் நின்னுபோச்சு?"

"அது... ஒரு ஒழுக்கப் பிரச்சினை."

"ஐயோ, திருட்டா?"

"சேச்சே! தங்கமான பையன்!"

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காரில் ஏறினார்கள்.

அடுத்த வாரம் சர்வோனோ முர்தினி வீட்டுக்கு வந்தார், மனைவியோடுதான். குரலில் தேன் சொட்டியது.

"பாகாஸைத் திரும்ப வரவழைச்சிடும்மா. அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். என் சித்தப்பா மகன் காஸ்டி இருக்கான்ல? அறுபது வயசுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பேருக்கு ஒரு கல்யாணம். அப்புறம் கூரியர் வீட்டுக்கே வரலாம்."

"அவருக்குத் தைக்கத் தெரியுமா, பாக்?"

"தெரியாது."

"பார்சல் கட்ட?"

"கண்ணு சரியாத் தெரியாதும்மா."

"அப்ப என்ன பண்ணுவாரு?"

"சும்மா உக்காந்திருப்பான். வீட்டுல ஒரு ஆம்பளை இருந்தா போதாதா?" என்றார் தார்மி.

முர்தினி எழுந்து தையல் இயந்திரத்தின் மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள்.

"அந்த சோப்புக்காரங்க காலிசாரியில இடம் பிடிச்சுட்டாங்க. பக்கத்து அறையை நான் எடுத்திருக்கேன். இடத்துக்குச் சொந்தக்காரர் முன்பணம் கேட்டாரு. புருஷன் எங்கேன்னு கேக்கல."

சர்வோனோவின் முகம் தொங்கியது. "அப்ப நம்ம ஊரோட கதி?"

"நம்ம ஊருல ஒழுக்கம் நல்லா இருக்கு, பாக்," என்றாள் முர்தினி. "இயந்திரத்தை ஒரு கை பிடிங்க. கனமா இருக்கு."