குழாய்க் கம்பெனிக் கூட்டத்தில் மாப்பிள்ளை

பங்கு வாங்கியவர்களுக்காகக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்துமே, அதற்குப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். வேலை வெட்டி இல்லாதவர்கள் ஏ.சி. காற்று வாங்கப் போகிற இடம் அது என்று என் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ பேரிடம் அளந்திருக்கிறேன். கணக்கு வழக்கையெல்லாம் அச்சடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு மேல் நேரில் போய் என்ன கிழிக்கப் போகிறோம்? அப்படிப்பட்ட நான் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

"போய் என்னத்தப் பண்ணப் போறீங்க? குடுக்கிற பிஸ்கட்டைத் தின்னுட்டு வரப் போறீங்க" என்றாள் மனைவி. வேறு நாளாக இருந்தால் இதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

காரணம் என் தங்கை வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த பணத்தை என்ன செய்யலாம் என்று என்னிடம்தான் கேட்டார். கேட்டால் நான் சும்மா இருப்பேனா? தண்ணீர்க் குழாய் செய்கிற ஒரு கம்பெனியைச் சொல்லி, கணக்கு ஆரம்பிக்க வைத்து, பங்குகளை அவர் தலையில் கட்டினேன். நானும் வைத்திருக்கிறேன், நல்ல கம்பெனிதான். ஆனால் அவர் வாங்கிய நேரமோ என்னமோ, அவர்கள் கட்டிக்கொண்டிருந்த புதுத் தொழிற்சாலை பாதியில் நின்றது. பங்கு விலை சரசரவென்று இறங்கியது.

அதோடு மாப்பிள்ளை கடைக்கு வருவதும் நின்றது. அதுவரை தினமும் சாயங்காலம் வந்து, கண் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எந்த ஃபிரேம் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொல்வார். ஒன்றுகூட உருப்படியாக இருக்காது. அந்த மனுஷன், போன் செய்தால் "அப்புறம் கூப்பிடுறேன் மச்சான்" என்று வைத்துவிட ஆரம்பித்தார். தங்கையோ "ம், நல்லாத்தான் இருக்கார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கை. ஒரு பாழாய்ப்போன யோசனையால் அவள் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போய்விட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொழிற்சாலை திறக்குமா திறக்காதா என்று முதலாளி வாயாலேயே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். திறக்காது என்றால் நேரே தங்கை வீட்டுக்குப் போய், வித்துடுங்க மாப்ள, நஷ்டம் என்னோடது என்று காலில் விழாத குறையாக நிற்பது.

கூட்டம் ஒரு ஹோட்டல் மாடியில். வாசல் மேஜையில் பெயரைச் சரிபார்த்து, சட்டையில் ஒரு அட்டையைக் குத்திவிட்டார்கள். உள்ளே வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், பாதிக்கு மேல் காலி. மேடையில் நீள மேஜைக்குப் பின்னால் கோட்டுப் போட்டவர்கள். நான் பின்பக்கமாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தேன். தலைவர் பேசினார். எல்லாம் ஆண்டறிக்கையில் இருந்ததுதான். நான் விரலை வைத்துக்கொண்டே வந்தேன், ஒரு வரி தவறவில்லை. பிறகு பங்குதாரர் ஒருவர் எழுந்து, தலைவரைப் பெற்றவர்களில் ஆரம்பித்துப் புகழ்ந்து தள்ளினார். இன்னொருவர், இலவசமாகக் கொடுத்த பையில் ஜிப் சரியில்லை என்று குறைப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்காகவா கடையைப் பூட்டினேன்?

கையைத் தூக்கினேன். மைக்கோடு வந்த பெண், அடுத்து உங்களுக்குத்தான் என்று எனக்குத் தலையை ஆட்டிவிட்டு, முன்வரிசையில் ஏற்கெனவே எழுந்து நின்ற ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று அந்தக் குரல் வந்ததும் தூக்கிய கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை!

அறிக்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். தொலைந்தேன். மச்சான் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனேன் என்று சொல்லப் போகிறார், நாலு பேர் முன்னால் என் மானம் கப்பலேறப் போகிறது.

"நான் லிஃப்ட் ரிப்பேர் வேலை பாத்தவன் சார். இந்த மாதிரி எடத்துல பேசிப் பழக்கமில்ல. விலை இறங்கினப்ப எல்லாரும் வித்தாங்க. நான் மட்டும் இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். வீட்டுக்குத் தெரியாது. புது ஃபேக்டரி ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லிடுங்க. ராத்திரி தூக்கம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"தாமதம் எங்க தப்புதாங்க. மெஷின் தர வேண்டியவங்க இழுத்தடிச்சப்பவே ஆளை மாத்தியிருக்கணும், ரொம்ப யோசிச்சிட்டோம். இப்ப மாத்தியாச்சு. சோதனை ஓட்டம் முடிஞ்சு மொத லோடு குழாய் வெளிய போயாச்சு. விலை ஏறுமான்னு நான் சொல்லக்கூடாது. ஃபேக்டரி ஓடுது, அதைச் சொல்லலாம்." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டு விஷயத்துல மட்டும் கம்பெனியால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொழிற்சாலை ஓடுகிறது என்பதற்காகப் பாதி உயிர். மீதிப் பாதி, இன்னும் வாங்கினேன் என்றாரே, அதற்காக. என்மேல் கோபமாக இருக்கிற மனுஷன், நான் சொன்ன பங்கையே மறுபடி வாங்குவாரா? எந்த அறிக்கையிலும் இதை அச்சடித்து அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அதற்குள் மைக் என் கைக்கு வந்துவிட்டது. கேட்க வந்ததெல்லாம் மறந்துபோனது.

"எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லீங்க. இப்பப் பேசினவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். கூட்டம் முடிஞ்சதும் நைசா நழுவிடாம வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஆனாலும் வாசலில் நின்றார்.

"நீங்க என்மேல கோவமா இருக்கீங்கன்னு நான் செத்துப் பொழைச்சிட்டிருக்கேன் மாப்ள" என்றேன்.

"கோவமா? உங்க மேலயா?" அவர் திருதிருவென்று விழித்தார். "வாங்கினதை உங்ககிட்டச் சொன்னா அடுத்த நிமிஷம் அவ காதுக்குப் போயிடும் மச்சான். உங்க வாய் அப்படி. கடைக்கு வந்தா நானே உளறிக் கொட்டிடுவேன். அதான் வரல."

ஓட்டை வாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்காகவா இத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தேன்!

என் போன் அடித்தது. தங்கைதான்.

"அண்ணே, ஏதோ கூட்டத்துக்குப் போயிருக்கியாமே? அண்ணி சொன்னாங்க. அவரும் காலையிலேயே சொல்லாம கொள்ளாமக் கிளம்பிட்டார். அங்கதான் வந்திருக்காரா?"

மாப்பிள்ளை இல்லை என்று சொல்லச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினார். நான் அதைப் பார்ப்பதற்குள், "பக்கத்துலதான் நிக்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

"நினைச்சேன். அவர் மறுபடி வாங்கினது எனக்கு அன்னிக்கே தெரியும். ஷேர் கணக்குக்குக் குடுத்த போன் நம்பர் என்னோடதுதானே, மெசேஜெல்லாம் எனக்குத்தான் வருது. நீ சொல்லித்தான் வாங்கினார்னு நினைச்சுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு என்கிட்ட மறைக்கிறீங்கன்னு இருந்துச்சு. அதான் உன்கூடச் சரியாப் பேசல. எனக்கு மட்டும் நல்லாவா இருந்துச்சு?"

"சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்றேன். போனை மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கி, "ஃபேக்டரி ஓடுதாம். தலைவரே சொல்லிட்டார்" என்று அவசர அவசரமாக ஒப்பித்தார்.

"ஃபேக்டரி கெடக்கட்டும்" என்று தங்கை போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "எங்கண்ணன் எப்படி இருக்கான்? எளைச்சுப் போயிருக்கானா?"

மாப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் எளைச்சுத்தான் இருக்கார்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டுக்காரர்கள் காருக்குக் காத்திருக்கிற இடத்தில், சட்டையில் குத்திய அட்டையோடு நின்று அழுதேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழறார்டி. இரு, கூட்டிட்டு வரேன்" என்று போனில் சொன்னார்.