பதினேழாம் நம்பர் லாரி

எனக்குக் கனரக வாகன லைசென்ஸ் வந்த அன்று நான் செய்த முதல் காரியம் கூலிங் கிளாஸ் வாங்கியது. வேலை இல்லை, லாரி இல்லை, சம்பளம் இல்லை. கண்ணாடி மட்டும் தயார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் என் மாமியார் தன் மகளிடம் சொன்னார்:

"உன் வீட்டுக்காரருக்குக் கண்ணுல ஏதாவது ஆபரேஷனான்னு கேளு."

அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் என் மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். சண்டை கிண்டை ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்தே எனக்கான செய்தி எல்லாம் என் மனைவி வழியாகத்தான் வரும். அவள் வீட்டில் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ் வழியாக. "இந்த வீட்டுல லைட்டை அணைக்கவே யாருக்கும் தெரியாது போல" என்று அவர் ஃபிரிட்ஜிடம் வருத்தப்பட்டால், நான் எழுந்து போய் அணைக்க வேண்டும்.

இந்தத் தடவை அவர் குரலில் கூடுதலாகக் காரம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. நான் ரெடிமேட் கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தவன். வாடிக்கையாளர் இருபது சட்டையைக் கலைத்துப் போட்டுவிட்டு, "அப்புறம் வரேன்" என்று போவார். நான் இருபதையும் மடிப்பேன். ஒருநாள் முதலாளி கடையையே மடித்துவிட்டார். டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டப் பணம் வேண்டியிருந்தபோது, தையல்காரியான என் மனைவி தானே முன்வந்து தன் ஓவர்லாக் மெஷினை விற்றுக் கொடுத்தாள். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மெஷின் அது. அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர், தன் ஓய்வுப் பணத்திலிருந்து, என் மாமியார்.

மெஷினை வாங்கிய கடைக்காரர் நல்ல மனிதர். "லைசென்ஸ் வர்ற மாசக் கடைசி வரைக்கும் வெளிய எடுத்து வைக்க மாட்டேன். அதுக்குள்ள வந்தா இதே விலை. அதுக்கப்புறம் வந்து என்கிட்ட மூஞ்சியைத் தொங்கப் போடக் கூடாது" என்றார். அதுவரை என் மனைவி ஓரங்களைக் கையால் தைத்தாள். ஒரு நாள் வேலை மூன்று நாளானது. பொறுமை இல்லாதவர்கள் எதிர்த்தெருத் தையல்காரரிடம் போகத் தொடங்கினார்கள்.

ஆக, மாசக் கடைசிக்குள் பணம் வேண்டும். இரண்டு இடங்களில் வேலைக்குப் போய்ப் பார்த்தேன்.

முதல் இடம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே அப்படி ஒரு குளிர். உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராத சோபா. டை கட்டிய மேனேஜர் என் கையைக் குலுக்கி, "எங்க கம்பெனில டிரைவர்னு சொல்றதே இல்ல சார். கேப்டன்" என்றார். நான் அங்கேயே பாதி உருகிவிட்டேன். கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே சேர்க்கை போனஸ் கையில் என்றதும் மீதியும் உருகியது. மெஷினை மீட்ட பிறகு கூலிங் கிளாஸுக்கு ஒரு நல்ல உறைகூட வாங்கலாம். சுவரில் அவர்கள் லாரிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நூற்றொன்றில் தொடங்கி நம்பர் போட்டிருந்தார்கள். "சின்ன நம்பரா இருந்தா மதிப்பா இருக்காது பாருங்க" என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இரண்டாவது இடம் தகரக் கொட்டகை. மொத்தம் ஆறு லாரி. முதலாளியம்மா ஒரு மெக்கானிக்கோடு டயர் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அது முடியும்வரை என்னை ஒரு பழைய டயர்மேல் உட்காரச் சொன்னார். எனக்குப் பதற்றம் வந்தால் விக்கல் வரும். அதுவும் சாதாரண விக்கல் இல்லை. தவளையை மிதித்தது போல ஒரு சத்தம். சண்டையின் நடுவே திரும்பிப் பார்த்து, தண்ணீர் கொடுத்தார்.

"போனஸ் எதுவும்... ஹிக்... உண்டுங்களா?"

"அப்படின்னா?"

"அட்வான்ஸ்?"

"டிரைவருக்கு அட்வான்ஸ் கிடையாதுப்பா. முன்னாடி கொடுத்துப் பாத்தேன். ரெண்டு பேர் மாயமாயிட்டாங்க. அதுல ஒருத்தன் என் லாரியையும் சேர்த்து மாயமாக்கிட்டான்."

சம்பளம் கண்ணாடிக் கட்டடத்தைவிடக் குறைவு. சரக்கு இறக்கக் காத்திருந்தால் அதற்குத் தனியாகக் காசு, வெளியூர் போனால் சாப்பாட்டுக்குப் பேட்டா, டயர் வெடித்தால் அது முதலாளியம்மாவின் தலைவலி. அவ்வளவுதான். கேப்டன் கீப்டன் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, முடிவெடுத்த ஆளின் தோரணையில், கண்ணாடிக் கட்டடத்து ஒப்பந்தத்தை மேஜைமேல் போட்டேன். என் மனைவி கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை எடுத்தாள். வாசித்துவிட்டு அளந்தாள். உண்மையாகவே டேப்பை வைத்து அளந்தாள்.

"ஏங்க, அவங்க தரேன்னு சொல்றது மூணு இஞ்ச். உங்ககிட்ட பிடிப்போம்னு சொல்றது ஒண்ணரைப் பக்கம்."

"அதெல்லாம் சும்மா சட்டத்துக்காக எழுதறது."

"லேட்டானா பிடிப்பாங்க. டீசல் கூடினா பிடிப்பாங்க. டயர் பஞ்சரானா பிடிப்பாங்க. யூனிஃபார்முக்கும் பிடிப்பாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள விட்டுப் போனா போனஸைத் திருப்பித் தரணுமாம். இது துணியே இல்லாம ஓரம் மட்டும் இருக்கிற சட்டை."

"மெஷின் வேணும்ல?"

அவள் டேப்பைச் சுருட்டினாள். கையால் தைத்துத் தைத்து அவள் விரல் நுனி எல்லாம் பொத்தலாகியிருந்தது. அந்த விரல்களைப் பார்த்ததும், ரெண்டு வருஷம் என்ன, ஆயுசு பூரா அங்கேயே கிடந்தாலும் பரவாயில்லை என்று பேனாவைத் தேடினேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மாமியார் வந்தார். மின்சார அலுவலகத்தில் புகார் கவுண்ட்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவர் அவர். ஊரின் கோபம் மொத்தமும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக அவர் காதில்தான் வந்து விழுந்திருக்கிறது.

"பேனாவைக் கீழ வைக்கச் சொல்லு" என்றார் மகளிடம். "ஒரு ஆபீஸ் எப்படின்னு தெரியணும்னா சோபாவைப் பாக்கக் கூடாது. அங்க வேலை செய்யற ஆளைப் பத்தி ஒரு புகார் கொடுத்துப் பாக்கணும். ரெண்டு நிமிஷத்துல வண்டவாளம் வெளிய வந்துரும். நம்பரைத் தரச் சொல்லு."

"அத்தை, யாரோ ஒரு டிரைவர் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

"உன் வீட்டுக்காரருக்கு இருக்கிற அறிவு எனக்கும் இருக்குன்னு சொல்லு. இல்லாத லாரியைப் பத்தித்தான் சொல்லப் போறேன். அந்தக் கம்பெனில எந்த நம்பர் இல்ல?"

"நூத்தொண்ணுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை" என்றேன்.

மாமியார் கம்பெனியின் போன் நம்பரைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். அடுத்த நொடி அவர் குரல் மாறியது. வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்களோ என்று நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

"யாருங்க பேசறது? உங்க பதினேழாம் நம்பர் லாரி டிரைவர் என் வாசல் கேட்டை இடிச்சதும் இல்லாம, என்னையே முறைச்சிட்டுப் போறான்! கேக்க ஆளில்லன்னு நெனப்பா?"

"சாரி மேடம். ரொம்ப சாரி மேடம்" என்றது ஒரு பெண் குரல். "பதினேழாம் நம்பர்தானே? கேட்டுக்கு ஆகிற செலவை அவர் சம்பளத்துல பிடிச்சிடறோம் மேடம்."

"அவனை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"தேவையில்லை மேடம். பதிவு பண்ணிட்டேன். ஒரு வாரம் வேலையும் நிறுத்தி வச்சிருக்கோம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

மாமியார் போனை வைத்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இல்லாத டிரைவருக்கே இந்தக் கதின்னா," என்றார் மாமியார் மகளிடம், "இருக்கிற கேப்டன் நெலமை என்னன்னு யோசிக்கச் சொல்லு."

அந்தப் பதினேழாம் நம்பர் டிரைவரை எனக்கு ரொம்பத் தெரிந்த மாதிரி இருந்தது. கூலிங் கிளாஸ்கூடப் போட்டிருந்தான்.

அடுத்து தகரக் கொட்டகை. மாமியாருக்கு இப்போது ருசி கண்டுவிட்டது. அதே கேட், அதே முறைப்பு, அதே பதினேழு.

"அம்மா," என்றார் முதலாளியம்மா நிதானமாக, "என்கிட்ட இருக்கிறதே ஆறு லாரி. மீதிப் பதினொண்ணை நீங்க வாங்கிக் கொடுத்தீங்கன்னா, பதினேழாவது டிரைவரை நானே வந்து உங்க முன்னாடி திட்டறேன்."

மாமியாரின் முகம் மலர்ந்ததை நான் முதன்முறையாகப் பார்த்தேன். விட மனசு வரவில்லை அவருக்கு. "நம்பர் சரியாத் தெரியலைங்க. ஏதோ ஒரு லாரி. உங்க ஆள்தான்."

"எந்தத் தெரு? எத்தனை மணிக்கு? அந்த நேரத்துல யார் வந்தாங்கன்னு பாத்து, அவர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் நான் பேசுவேன். டிரைவரைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேட் உடைஞ்சிருந்தா, காசு நான் தரேன். அது வேற விஷயம்."

அந்தப் பதிலைக் கேட்ட சந்தோஷமா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா தெரியவில்லை. எனக்கு வந்துவிட்டது.

"ஹிக்!"

"அம்மா," என்றார் முதலாளியம்மா, "இன்னிக்கு இதே விக்கல் என் டயர்மேல உக்காந்து தண்ணி குடிச்சுது. நாளைக்குக் காலைல அந்த விக்கலைக் கூட்டிக்கிட்டு நீங்களும் வாங்க."

மறுநாள் காலை நானும் மாமியாரும் பஸ்ஸில் போனோம். மனைவிக்கு அவசரத் தையல். இடையில் ஆள் இல்லாததால் மாமியார் பஸ் ஜன்னலிடம் பேசிக்கொண்டு வந்தார். "போன் பண்ணினது நான். பேச வேண்டியதும் நான். மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது, விக்கலுக்குக்கூட." ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணாடிக் கட்டடத்துக்கும் போக முடியாது. மெஷின் வெளியே எடுத்து வைக்கப்பட்டு, யாரோ அதற்கு விலை பேசுவது கண்முன் தெரிந்தது.

கொட்டகையில் முதலாளியம்மா ஒரு போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கண்ணாலேயே "உக்காருங்க, உங்களுக்கு இருக்கு" என்றார். மேஜைமேல் இன்னொரு போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கிற போனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் மாமியாருக்குத் தெரியாது. கை தானாகப் போய்விட்டது.

"சொல்லுங்க. என்ன புகார்?"

அந்தப் பக்கம் யாரோ ஒரு வியாபாரி, எங்களுக்கும் கேட்கிற அளவுக்குக் குதித்தார். மாமியார் குறுக்கே பேசவில்லை. "ம்... ம்... அப்படியா... அப்புறம்?" என்று அவரை முழுவதும் கொட்ட விட்டார். கொட்டி முடித்ததும், "தண்ணி குடிச்சீங்களா? முதல்ல ஒரு வாய் குடிங்க. லாரி வர்றதுக்குள்ள நீங்க விழுந்துட்டா சரக்கை யாரு இறக்கறது?" என்றார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

முதலாளியம்மா தன் போனை எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.

"இவன் ஒரு மாசமா என்னைத் தூங்க விடல. சிரிச்சு நான் கேட்டதே இல்ல" என்றார். "நேத்து நீங்க பண்ணின வேலைக்குத் திட்டணும்னுதான் வரச் சொன்னேன். நாளையிலிருந்து போன் எடுக்க வரீங்களா?"

"மாப்பிள்ளைக்கு?"

நான் திடுக்கிட்டேன். அந்த வார்த்தை என் தலைக்கு மேலே போனாலும் என்னைப் பற்றித்தான்.

"லாரி காலியாத்தான் நிக்குது. விக்கலுக்கு லைசென்ஸ் இருக்குல்ல?"

"அப்ப எனக்குச் சம்பளத்துல பாதி முன்னாடியே வேணும்."

"அட்வான்ஸ் கிடையாதுன்னு இவர்கிட்டயே..."

"டிரைவருக்குத்தானே கிடையாது?"

முதலாளியம்மா வாயைத் திறந்தார், மூடினார், இழுப்பறையைத் திறந்தார்.

பாதிச் சம்பளம் மெஷினுக்குப் போதவில்லை. மீதிக்கு மாமியார் புது ஆபீஸ் போனிலேயே மெஷின் கடைக்காரரைக் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கடைசியில் கடைக்காரர், "மீதி மெதுவாத் தாங்க. தயவுசெஞ்சு போனை வைங்க" என்றது மட்டும் கேட்டது. என் முதல் சரக்கு அந்த மெஷின்தான். பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்தேன்.

அந்த மெஷினில் என் மனைவி அடித்த முதல் துணி என்னுடைய சட்டை. அதில் இரண்டு பாக்கெட். ஒன்று பேட்டாவுக்கு. "வழியில இதை மட்டும் செலவு பண்ணுங்க. மிச்சம் பிடிச்சா உங்களுக்கே" என்றாள். இன்னொன்று சம்பளத்துக்கு. நான் கை விட்டுப் பார்த்தேன், போகவில்லை. அதன் வாய் உள்பக்கம் இருந்தது. சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தால்தான் திறக்கும். நான் கூலிங் கிளாஸ் வாங்கியதை அவள் இன்னும் மறக்கவில்லை.

போன வாரம் சரக்கு இறக்கிவிட்டு ரசீதைக் கொடுக்கக் கொட்டகைக்குள் நுழைந்தேன். மாமியார் எனக்கு முதுகைக் காட்டியபடி போனில் இருந்தார். ஸ்பீக்கரில் ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தார். என் லாரி நம்பரைச் சொன்னார். மூட்டை எல்லாம் நனைந்துவிட்டதாம், டிரைவரின் கவனக்குறைவாம், அவன் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமாம்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முந்தின நாள் மழை பெய்தது உண்மை. புகார் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் என் மாமியார். என் கதை முடிந்தது.

"டிரைவரைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க" என்றார் மாமியார். "ஆனா ஒண்ணு. அந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும். சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டார். லைட்டை அணைக்க மாட்டார். ஒத்துக்கறேன். ஆனா சரக்கை நனைய விடற ஆள் கிடையாது. தார்ப்பாயைக்கூடப் புதுச் சட்டை மாதிரி மடிச்சு வைப்பார். முதல்ல உங்க குடோன் கூரையைப் போய்ப் பாருங்க. பாத்துட்டுக் கூப்பிடுங்க."

"ஹிக்!"

மாமியார் போனை வைத்தார். திரும்பவில்லை. மேஜைமேல் இருந்த ஃபேனைப் பார்த்தார். கொட்டகையில் ஃபிரிட்ஜ் கிடையாது.

"இந்தாப்பா ஃபேன், அந்த டிரைவருக்குத் தண்ணி கேன் மூலையில இருக்குன்னு சொல்லு. உள்ள வந்தா அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லு. கேனை இடிச்சுத் தள்ளிடப் போறார்."

ஃபேன் "இல்லை, இல்லை" என்று இரண்டு பக்கமும் தலையை ஆட்டியது. நானும் கழற்றவில்லை. கழற்றிக் காட்டுகிற நிலைமையில் அப்போது என் கண்கள் இல்லை.