மூன்றரை மணிக் கையெழுத்து

குழாய்க்குள் தண்ணீர் மூச்சு விடுகிறது, உள்ளே இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, செம்மண் நிறத்தில் வெளியே தள்ளுகிறது, ஆடி மாதத்தில் இந்த ஓமன் மலையடியில் மழையை யார் கண்டது, பதினோரு கோடையில் ஒரு தூறல்கூட என் சட்டையை நனைத்ததில்லை, இந்த வருஷம் இருபது நாள் விட்டுவிட்டுப் பெய்தது, அன்றைக்கு மட்டும் எங்கள் தலைக்கு மேலே வெயில், மழை தூரத்து மலையில், நாங்கள் பார்க்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம், ரோட்டுக்கு அடியில், காய்ந்த ஓடையில் நாங்கள் பதித்த சிமெண்டுக் குழாய்தான் அதுவரை படுக்கை, பக்கத்தில் படுத்த சேவுகன் கண்ணைத் திறக்காமலே சொல்கிறான், இப்போதும் சொல்கிறான், மாப்ள, எனக்கும் சேத்துக் கையெழுத்தப் போட்டுரு, பத்து நிமிசம் அசந்துட்டு வாரேன், நேத்தும் இதத்தானடா சொன்ன, போடா பெரிய கலெக்டரு, நீ எழுதப் படிச்சதே எனக்குக் கையெழுத்துப் போடத்தான. ஒருவனுக்கு ஒருவன் போட்டுக்கொள்வதுதான், நாற்பத்திரண்டு வயதில் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவன் நான், என் பேருக்கு அடுத்துத் தடுமாறாமல் எழுதுவது அவன் பேரைத்தான், சிரித்துக்கொண்டே மேலேறிப் போய் மூன்றரை மணி வருகைத் தாளில் எழுதினேன். மை காய்வதற்குள் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது, முதலில் கல் உருளும் சத்தம், பிறகு குழாயின் வாயே தெரியவில்லை, போர்மேன் தாளைப் பார்த்து எண்ணுகிறார், இருபத்திரண்டு கையெழுத்து, எல்லாரும் மேல இருக்கீங்க, தெய்வம் காப்பாத்துச்சு, நான் வாயைத் திறக்கிறேன், பொய்க் கையெழுத்துப் போட்டவனை மறுநாளே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், சேவுகன் என்று கத்தினேனோ, தண்ணீர் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லையோ, இல்லை, கத்தவில்லை.

மூன்றரைக்கு வந்தான், பிறகு தப்பி ஓடிவிட்டான் என்று கம்பெனி எழுதிக்கொண்டது, ஓடிப்போனவனை யாரும் தண்ணீரில் தேடுவதில்லை, மத்தியானத் தூக்கத்தில் என் பாயில் இன்னொருவன் புரள்கிறான், ஈரச் சட்டை முதுகில் படுகிறது, எழுந்து பார்த்தால் பாய் காய்ந்திருக்கிறது, பத்தாம் நாள் போனில் அவன் பெண்சாதி ராக்கு, அண்ணே, வேற எங்கயும் வேலை பாக்குறாரா, என்கிட்ட மட்டும் சொல்லுங்க, பொட்ட அழிக்கவா வேணாமான்னு ஊரே என் நெத்தியப் பாக்குது. அந்தக் கையெழுத்து அவன் போட்டதில்ல தாயி, நான் போட்டது, அவன் குழாய்க்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தான், என்னய ஊருக்கு அனுப்பினாலும் சரி, இப்பவே ஆபீசுல போய்ச் சொல்லிருறேன், தேடச் சொல்றேன். அவள் மெதுவாக, அசந்து தூங்குறவரு, அவருக்குத் தெரிஞ்சிருக்காதுல்லண்ணே என்கிறாள், அங்க இன்னும் மழையாண்ணே, நீங்க பேசாம இருக்கையில தண்ணிச் சத்தம் கேக்குதே, உள்ள இழுத்து இழுத்து விடுற மாதிரி. நான் கேம்ப் வாசலில் நிற்கிறேன், வானத்தில் ஒரு மேகம் இல்லை, ஓடை காய்ந்து கிடக்கிறது, போனைக் காதோடு அழுத்தினால் எனக்கும் கேட்கிறது, ஆமாம் மழைதான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, சொல்லவில்லை, இல்ல தாயி, இங்க மழை விட்டு ரெண்டு நாளாச்சு.