ஒன்பதாம் வில்லாவின் சுவர்

செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பதாம் வில்லாவின் முற்றத்தில் நாற்பத்தொன்று மறுபடியும் படுத்திருந்தது. அது கிலுகிலுப்பைப் பாம்பு. வாலில் அடையாளத்துக்காக நீலச் சாயத்தில் எண் இருக்கும். விடுதியில் பாம்பு பிடிக்கும் வேலை பார்க்கும் வெர்னிஸ் அதை இடுக்கியால் தூக்கி வாளியில் விட்டு மூடினாள். பத்து நாளில் இது நான்காவது தடவை.

கனடாவில், ஒக்கனாகன் பள்ளத்தாக்கின் தென்கோடியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த விடுதி அந்த மண்ணின் பூர்வகுடிகளான சியில்க்ஸ் சனங்களுக்கே சொந்தம். அங்கே பாம்பை அடிப்பதில்லை. பிடித்து, அரைக் கிலோமீட்டருக்குள் விட வேண்டும். அதைத் தாண்டினால் குளிர்காலப் பொந்துக்கு வழி தெரியாமல் விறைத்துச் செத்துவிடும்.

வில்லாவில் தங்கியிருந்தவர் வான்கூவர்காரர். சனிக்கிழமை அவர் மகளுக்கு அந்த முற்றத்தில்தான் கல்யாணம். பல்கூட விளக்காமல் மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் பிரெஸ்டன் ஜூன் மாதம் டொராண்டோவிலிருந்து வந்தவர்; வந்த வாரமே, இங்கே வெயில் அதிகம் என்று எழுத்தில் புகார் கொடுத்தவர்.

"மலைக்கு அந்தப் பக்கம் விட்டுருங்க வெர்னிஸ். அங்கயும் பாறைதான். அதுக்கு என்ன தெரியப்போவுது?"

"செத்துப்போயிடும்."

"சனிக்கிழமை இங்க படுத்திருந்தா வெளியாளக் கூப்பிடுவேன். அவரு வாளி கொண்டுவர மாட்டாரு."

வெர்னிஸ் வாளியை வண்டியின் முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு, இனத்தலைவன் கிளெமென்ட்டைத் தேடிப் போனாள். அவன் அவளுடைய சின்னம்மா மகன். தோட்டத்தில் திராட்சையைத் தின்று விதையைத் துப்பிக்கொண்டிருந்தான்.

"வாளியில யாரு?"

"நாப்பத்தொண்ணு. முழுகாம இருக்கா."

நடந்ததைச் சொன்னாள். அவன் இன்னொரு விதையைத் துப்பினான்.

"அக்கா, நூத்தியிருபது பேரு வர்றாங்க. இந்த ஒரு தடவ தூரமா விட்டுட்டு வாயேன்."

"நீயே கொண்டுபோ. சாவி வண்டியிலதான் இருக்கு."

கிளெமென்ட் நகரவில்லை.

"பதினேழாம் நம்பர அப்படித்தான் விட்டேன், போன மேனேஜர் சொன்னான்னு. பனி உருகினதும் போய்ப் பார்த்தேன். பாதி வழி வந்து செத்துக் கிடந்துச்சு. தலை நம்ம பக்கம்." என்றாள் வெர்னிஸ். நாலு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"இவளுக்கு முற்றத்துல என்னதான் வேலை?"

"முற்றத்துக்கு எங்க வர்றா? பொந்துக்குப் போறா. குறுக்க நம்ம சுவரு. முட்டிட்டுப் படுத்துக்கிறா."

"அங்க கட்டலாம்னு யாரு சொன்னது?"

"பாம்பு பார்க்கிற குழுவுல எல்லாருந்தான். முதல்ல கை தூக்கினது நான். இடத்தப் போய்ப் பார்த்தோம், ஒரு பாம்பும் இல்லன்னு எழுதிக் குடுத்தோம்."

"எப்பப் பார்த்தீங்க?"

"ஜனவரியில."

ஜனவரியில் பாம்பு வெளியே வராது என்பது அவர்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நாற்பத்தொன்றை வழக்கமான இடத்தில் விட்டார்கள். புதன்கிழமை கிளெமென்ட்டே சம்மட்டியோடு வந்து சுவரில் ஒரு முழ அகலம் உடைத்தான். பிரெஸ்டன் அனுமதிப் படிவம் கேட்டார். "சுவரு எங்களுது தம்பி," என்றான் கிளெமென்ட். கல்யாண இடத்தை மாற்ற வான்கூவர்காரர் சம்மதிக்கவில்லை. ஏரி தெரிய வேண்டுமாம்.

சனிக்கிழமை மணமகள் உறுதிமொழி சொல்லும் நேரத்தில் நாற்பத்தொன்று வந்தது. பிரெஸ்டன் சொன்ன சொல் தவறாதவர். வெளியாள் மண்வெட்டியோடு ஓரமாக நின்றிருந்தான். வெர்னிஸ் அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாரும் அசையாதீங்க. அவ போற வழி இது."

நூற்றிருபது பேரும் கோப்பையும் கையுமாக நின்றார்கள். வான்கூவர்காரர் மட்டும் நாற்காலிமேல் ஏறியிருந்தார். பாம்பு சுவரை முட்டியது, நின்றது. மண்வெட்டி உயர்ந்தது. வெர்னிஸ் திரும்பிப் பார்க்காமல் அதன் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். பாம்பு சுவரோரமாகவே ஊர்ந்தது, உடைப்பைக் கண்டது, போய்விட்டது.

வெர்னிஸ் அழுதாள், அடக்க முடியாமல். மணமகளின் அம்மா, கல்யாணத்தைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று உருகிப்போய்த் தன் கைக்குட்டையை நீட்டினார். வெர்னிஸ் வாங்கிக்கொண்டாள்.