ஒட்டகம் வராத சனிக்கிழமைகள்

அழைத்துப் போக விமான நிலையத்துக்கு வந்த கோயில் செயலாளர் கேட்ட முதல் கேள்விக்கே டீச்சர் பொய் சொன்னாள்.

"இங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்லைங்க. ஒரு வாரம் சேவை செய்யணும்னு ஆசை, அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த அவள் கணவர் கார் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள் அவள். மின்கம்பம் ஏறி இறங்கியே ஓய்வு பெற்றவர் அவர். டீச்சர், லைன்மேன் என்றுதான் ஊரில் பெயர். இவர்களுக்கு ஒரே பையன். இந்த வெளிநாட்டில்தான் ஆறு வருஷம் வேலை பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை விஷயமாக வேறு நகரத்துக்குப் போன இடத்தில், சாலை விபத்தில் போய்விட்டான். பெட்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள்.

உயிரோடு இருந்தபோது சனிக்கிழமைதோறும் போன் செய்வான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும்.

"எங்கடா இருக்கே?"

"கோயில்லம்மா."

"யாருக்குடா காது குத்தறே?" என்று சிரிப்பாள். வீட்டில் இருந்தவரை, செருப்புக்குக் காவல் இருக்கிறேன் என்று கோயில் வாசலோடு நழுவியவன் அவன். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. கேட்காமல் விட்டோமே என்பதுதான் இந்த இரண்டு வருஷமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. வயதானவர்கள் ஒரு வாரம் வந்து சேவை செய்யலாம், தங்க இடம் உண்டு என்று அவன் இருந்த ஊரின் ஒரே கோயில் அறிவித்திருப்பதைப் பார்த்த அன்றே இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள்.

"அங்க போய் என்ன பார்க்கப் போறே?" என்றார் லைன்மேன். ஆனால் பெட்டியை அவர்தான் அடுக்கினார்.

மாடியில் இரண்டு கட்டில் போட்ட சின்ன அறை. அவருக்கு வாசலில் செருப்பு வாங்கி அடுக்கும் வேலை. அவளுக்குச் சமையல் கூடத்தில் காய் நறுக்கும் வேலை. அங்கே சமையல் மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கை ஓயாது, வாயும் ஓயாது. முதல் இரண்டு நாள் டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. பெயரைச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் மாஸ்டர் தாளிக்கும்போது, புகை பட்டு டீச்சர் ஒரு தும்மல் தும்மினாள்.

"ஒண்ணோட நின்னுச்சேம்மா, நீங்க புண்ணியவதி" என்றார் மாஸ்டர். "இங்க ஒருத்தன் இருந்தான். வாசனை வந்தாலே வரிசையா எட்டுத் தும்மல். ஒவ்வொரு தும்மலுக்கும் நூறு வயசு, நூறு வயசுன்னு சொல்லிச் சொல்லி எண்ணூறு வயசு ஆக்கிவிட்டுட்டோம் பயலை."

டீச்சரின் கத்தி பாதிக் காயில் நின்றது.

"யாரு தம்பி அது?"

"ஒட்டகம். அவன் பேரே இங்க யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு உசரம். மோரை ஒரு செம்பு ஒரே மூச்சுல குடிப்பான். இடது கையாலதான் கரண்டி பிடிப்பான். சனிக்கிழமை ஆச்சுன்னா பெரிய அண்டாவெல்லாம் அவன்தான் தேய்ப்பான். அண்டாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடுவான் பாருங்க, சாமி எந்திரிச்சு ஓடிடும்."

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெங்காயத் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"இப்ப வர்றதில்லையா?"

மாஸ்டரின் முகம் சுருங்கியது. "வேற ஊருல வேலைன்னு போனான். என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து பந்தி நானே பரிமாறுவேன் மாஸ்டர்னு என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் போனான். வரலை. போன் போட்டுப் போட்டு விரல் தேஞ்சதுதான் மிச்சம். எடுக்கவே இல்லை. காரியம் முடிஞ்சா கண்டுக்காத பய."

"கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

மாஸ்டர் தேதியைச் சொன்னார். அவன் இறந்த நாலாம் நாள்.

மத்தியானம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் லைன்மேனிடம் கொட்டினாள்.

"சொல்லிடு" என்றார் அவர். "நம்ம பையனை ஒருத்தர் வாக்கு தவறினவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

"சொல்றேங்க. கொஞ்சம் பொறுங்க." அவள் அவர் கையைப் பிடித்தாள். "ஊர்ல, சொந்தத்துல, எல்லாருக்கும் அவன் செத்தவன். இந்த அடுப்படியில மட்டும்தான் அவன் எங்கேயோ நல்லா இருக்கான். கோவிச்சுக்கிட்டாவது ஒருத்தர் அவனை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கார். இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே."

மறுநாள் காலை லைன்மேன் செருப்பு வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டுச் சமையல் கூடத்துக்கு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு முட்டைக்கோஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"அந்த ஒட்டகம்னு சொன்னீங்களாமே. அப்புறம் என்ன பண்ணுவான்?"

இரண்டு நாளும் மாஸ்டரைத் தூண்டித் தூண்டிக் கேட்டார்கள். சாதம் வடிக்கப் போய்க் காலைச் சுட்டுக்கொண்டது, முட்டிவலிக்காரக் கிழவி ஒருத்தியை முதுகில் சுமந்து படியேற்றியது, பனி பெய்த அன்று தன் கம்பளிக் கோட்டை யாரிடமோ கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தது. லைன்மேனுக்குப் பசிக்கிற பிள்ளையின் முகம் வந்துவிட்டது. 'அப்புறம்?' 'அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். அண்டா தேய்க்க ஆள் இல்லை. மாஸ்டருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"அவன் மட்டும் திரும்பி வரட்டும். இந்தப் படி ஏற விடமாட்டேன். நன்றி கெட்டவன்!"

லைன்மேன் விருட்டென்று எழுந்தார். டீச்சர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் சொல்றேங்க." மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவன் வேணும்னு வராம இருக்கலை. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி, ரோட்டுல அடிபட்டுப் போயிட்டான். நாங்க அவனைப் பெத்தவங்க."

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். கரண்டியை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அரிசி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேனேம்மா" என்றார். "வாரா வாரம் திட்டினேனே."

"திட்டுங்க தம்பி. நாங்களும் திட்டினவங்கதான்."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். லைன்மேன் போய் அவர் முதுகில் கை வைத்தார். சொந்தப் பிள்ளைக்குச் சத்தம் போட்டு அழாதவர், அந்த மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இப்போதுதான் வாய்விட்டு அழுதார். டீச்சருக்கு அழுகை வரவில்லை. கடைசிச் சுடர் ஒன்றைத் தானே ஊதி அணைத்துவிட்டது போல நெஞ்சு வெறிச்சென்று இருந்தது. கூடத்தில் ஜனம் தட்டோடு உட்கார்ந்திருந்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் செயலாளரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாஸ்டரே காரை எடுத்தார். விமான நிலையத்துக்கு நேர்வழியில் போகாமல் ஒரு தெருவுக்குள் திருப்பி, வரிசையாக ஒரே மாதிரி நின்ற கட்டடங்களில் ஒன்றின் எதிரே நிறுத்தினார்.

"மூணாவது மாடி, அந்தக் கோடி ஜன்னல். அங்கதான் இருந்தான்."

மூவரும் இறங்கி நின்றார்கள். தெருமுனைக் கடை, பேருந்து நிறுத்தம், அவன் தினமும் இறங்கியிருக்கக்கூடிய நாலு படிகள். டீச்சர் தெருவைக் கடந்து போய் அந்தப் படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

"இதுவாங்க?" என்று கேட்டு லைன்மேன் கையை உயர்த்தி ஜன்னலைக் காட்டினார். ஜன்னலில் போர்வையை உதறிக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண், தன்னைப் பார்த்துத்தான் கையசைக்கிறார் என்று நினைத்துச் சிரித்தபடி பதிலுக்குக் கையாட்டினாள்.

அவர் கையை இறக்கவில்லை; ஆட்டத் தொடங்கினார். அந்தப் பெண் உள்ளே போய், ஜன்னல் வெறுமையாகி, நேரமாகிறது என்று மாஸ்டர் மெல்லச் சொன்ன பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார். டீச்சர் அவரைக் கூப்பிடவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று, தானும் கையைத் தூக்கினாள்.