இருபத்தாறு சுற்று

மாப்பிள்ளை பொய் சொல்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும்தான்.

அவன் என் தங்கையின் கணவன். ஊரில் அவனுக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர். ஒருமுறை தங்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கோடு விழுந்தான். அவளுக்குத் தோள் எலும்பு விலகிவிட்டது. அன்றைக்கு அவள் தலையில் கை வைத்து, இனி ஐம்பதைத் தாண்டுவதில்லை என்று சத்தியம் செய்தான். அதை நம்பித்தான் அவனை இங்கே வரவழைத்தேன். நான் வேலை செய்யும் கார் பட்டறைக்கு வாடிக்கையாக வரும் பல் டாக்டரிடம் டிரைவராகச் சேர்த்தும் விட்டேன். டாக்டரின் கார் நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. அதை அவர் தன் வாய்க்குள் கட்டிய தங்கப் பல் மாதிரி பார்த்துக்கொள்வார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, சந்திலிருந்து சைக்கிளில் வந்த தையல்கார அம்மாவை அந்தக் கார் இடித்துவிட்டது. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஐம்பதுக்குள் போக வேண்டிய சாலை அது. டயர் தேய்ந்த தடத்தை அளந்து பார்த்த போலீஸ், அறுபதுக்குக் குறையாது என்றது. மாப்பிள்ளை ஐம்பது என்றான். ஸ்பீடு மீட்டர் ஊசி ஐம்பதில்தான் நின்றது, கண்ணால் பார்த்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான்.

"கதை விடாத மாப்ள," என்றேன். "பழைய புத்தி போகலன்னு ஒத்துக்கிட்டுப் போ."

அன்று தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரு என் தலையில அடிச்ச சத்தியத்தையே மறந்துட்டாரா? நீதானே பக்கத்துல இருக்க, நீயே சொல்லு."

"நான் என்னம்மா சொல்றது? மீட்டரை நானே சரி பண்ணிக் குடுத்திருக்கேன். அது பொய் சொல்லாது," என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டர், மாப்பிள்ளையோடு வந்து காரைப் பட்டறையில் விட்டார். "மீட்டர் சரியா இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு வைங்க. ஸ்டேஷன்ல கேக்கறாங்க. நாலு மணிக்கு வர்றேன்," என்றவர், மாப்பிள்ளையைப் பார்க்காமலே சொன்னார்: "மீட்டர்ல தப்பு இல்லன்னா இவரை நான் வச்சுக்க முடியாது. லைசென்சும் போயிடும்."

மீட்டரைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருப்பேன். நான்கு மாதம் முன்பு இந்த மீட்டர் செத்துக் கிடந்தபோது உயிர் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் மாப்பிள்ளை எதிரே பழைய டயர் மேல் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைக்கவாவது பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் டயர். பெரிய அளவு மாட்டியிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். டயர் சரியான அளவுதான். அடுத்தது கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள். உள்கம்பியை உருவிப் பார்த்தேன். மடிப்பில்லை, முறுக்கில்லை. பிறகு மீட்டரையே கழற்றி, அதன் பின்பக்கத்துத் தண்டை விரலால் சுழற்றினேன். ஊசி சிக்காமல் ஏறியது, விட்டதும் பூஜ்யத்துக்கு வந்து உட்கார்ந்தது.

"பாத்துக்கோ. இதுல என்ன குறை?"

"குறை என்கிட்டதான். எழுதிக் குடுத்துடுங்க மச்சான்."

அவன் அப்படிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு சோதனைதான் பாக்கி. மீட்டரின் முகத்தில் கீழே பொடி எழுத்தில் 640 என்று போட்டிருக்கும். கார் ஒரு கிலோமீட்டர் போனால் கேபிள் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். அப்படியானால் ஐம்பது மீட்டருக்கு முப்பத்திரண்டு. பட்டறைக்குப் பின்னால் இருந்த தெருவில் டேப் வைத்து அளந்து சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். கேபிள் நுனியில் சின்னத் தாள் ஒன்றை ஒட்டி உள்ளே தொங்கவிட்டேன். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சுற்றை எண்ண வேண்டும். நான் நியூட்ரலில் தள்ள வேண்டும்.

இரண்டாவது கோட்டைத் தொட்டபோது எனக்கு மூச்சு இரைத்தது.

"எத்தனை?"

"இருபத்தாறு."

"ஒழுங்கா எண்ணுனியா?"

"எண்ணத் தெரியும் மச்சான். நான் சொன்னா நீங்கதான் நம்ப மாட்டீங்க."

இந்த முறை அவனைத் தள்ளச் சொல்லி நான் உட்கார்ந்தேன். தாள் துண்டு சோம்பேறித்தனமாகச் சுற்றியது. இருபத்தாறும் கொஞ்சமும்.

காரை உள்ளே கொண்டுவந்து தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுத்தேன். கியர்பாக்ஸ் ஓரத்தில் கேபிளைச் சுழற்றும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று இருக்கும். நான்கு மாதம் முன்பு நான் மாற்றியது அதைத்தான். வெளியே எடுத்தேன். பழுப்பு நிறம். நான் போட்ட அதே சக்கரம்தான்.

எங்கள் தொழிலில் இந்தச் சக்கரத்தின் பல்லை யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம். சிவப்பு உடைந்தால் சிவப்பு, பச்சை உடைந்தால் பச்சை. கழற்றியது பழுப்பாக இருந்தது, டப்பாவில் பழுப்பு இருந்தது, எடுத்து மாட்டினேன்.

"மாப்ள, டிக்கியில ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், எடு."

கழற்றிய பழைய சாமானைப் பையில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது எங்கள் பட்டறை வழக்கம். பழைய சக்கரம் இரண்டு பல் போய் அதில் கிடந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் தேய்த்தேன். பழுப்பு நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. பல்லின் அடியில் வெள்ளை தெரிந்தது.

நாற்பது வருடம் எண்ணெயில் ஊறிய வெள்ளை. உடைந்த இடத்தையும் சேர்த்துப் பதினெட்டுப் பல். நான் போட்டதில் இருபத்திரண்டு. பல் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும், மீட்டர் குறைத்துக் காட்டும். ஊசி ஐம்பது காட்டும்போது கார் அறுபத்தொன்றில் போகும்.

மணி மூன்று இருபது. டப்பாவில் வெள்ளைச் சக்கரம் இருந்தது, எனக்குத் தெரியும். மாட்டப் பத்து நிமிடம். அதற்குப் பிறகு மீட்டர் நிஜமாகவே சரி. கையெழுத்தும் பொய்யாகாது. நான் காருக்கு அடியில் படுத்திருந்தேன். மாப்பிள்ளையின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"என்ன மச்சான், ஏதாவது கிடைச்சுதா?"

ஒரு சொட்டு எண்ணெய் காதில் விழுந்தது. துடைக்கவில்லை. சரியாக எண்ணியவனைப் பார்த்து ஒழுங்கா எண்ணுனியா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வெளியே வந்து இரண்டு சக்கரத்தையும் அவன் கையில் வைத்தேன்.

"என் தப்பு. கலரைப் பாத்து மாட்டிட்டேன்."

அவன் இரண்டையும் நிதானமாக எண்ணினான். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். மலரவில்லை.

"அப்ப நிஜமாவே அறுபதுல போயிருக்கேன்."

"அறுபத்தொண்ணு."

"அம்பதுல வந்திருந்தா நின்னிருக்கும்ல மச்சான்?"

அந்தச் சந்து முனையில் ஐம்பதில் வந்திருந்தால் கார் நின்றிருக்கும். பிரேக்கையும் நான்தான் பார்த்திருந்தேன்.

நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். பழுப்புச் சக்கரத்தைத் திரும்ப மாட்டி, அவரையே உட்காரவைத்துத் தள்ளிக் காட்டினோம். எண்ணி முடித்து இறங்கியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை எண்ணுவேங்க. நீங்க ஒரு தடவை எண்ணக் கூடாதா?"

யாரும் சிரிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உங்க முதலாளிக்குத் தெரியுமா?" என்றார். இனிமேல்தான் என்றேன். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் நாளைக்கு வந்துடுப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

தங்கைக்குப் போன் போட்டேன்.

"அவர் மேல தப்பு இல்லம்மா."

"அப்ப யார் மேல?"

சொன்னேன். முழுசையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரெண்டு நாளா நான் அவர்கிட்ட பேசலண்ணா," என்றாள். "போனை அவர்கிட்ட குடு."

நீட்டினேன். மாப்பிள்ளை வாங்கவில்லை. "அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க," என்று சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு. அந்தம்மா வலது காலாலதான் மெஷினை மிதிப்பாங்களாம். நேத்து அவங்க பொண்ணு சொல்லுச்சு." கதவருகே நின்றான். "நீங்களும் வாங்க மச்சான். நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."