நவம்பரின் குட்டைப் பட்டை

பிளோவ்திவ் நகரின் லிப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் அறிக்கைகள் தயாரிப்பவள் ரதோஸ்தினா. டிசம்பர் மாதக் கூட்டத்தில் அவள் திரையில் ஏற்றிய படத்தில் மாதத்துக்கொரு பட்டை இருந்தது. எத்தனை லிப்டுகள் சரிசெய்யப்பட்டன என்ற கணக்கு அது. அக்டோபர் பட்டை நெடுநெடுவென்று நின்றது. நவம்பர் அதன் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை.

அக்டோபர் வரை மெக்கானிக்குகளுக்குத் தலைவன் ஒக்னியான். நவம்பரிலிருந்து ஸ்தாமென்.

"என்ன ஸ்தாமென் அண்ணே," என்று இயக்குநர் ஹஜியெவ் சிரித்தார். "லிப்ட சரிபண்ணச் சொன்னா, உள்ளயே படுத்துத் தூங்கிட்டீங்களா?"

"வெளிய வர பட்டன் எதுன்னு மறந்திருப்பாரு!" என்றான் ஒக்னியான்.

அறையே சிரித்தது. ரதோஸ்தினாவும் சிரித்தாள். ஸ்தாமென் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் தலைவர் வேலை தனக்கு வேண்டாமென்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒக்னியான் பழைய நாற்காலிக்குத் திரும்பினான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு, அக்டோபரில் முடித்த வேலைகளின் விவரம் வேண்டுமென்று ஒக்னியான் கேட்டான். ரதோஸ்தினா அக்டோபர் பட்டையைச் சொடுக்கினாள். விரிந்த வரிசையில் அவளுடைய சொந்தக் கட்டடத்தின் முகவரி இருந்தது.

அவளுக்குப் புரியவில்லை. அக்டோபர் கடைசியில் மரித்சா ஆறு பெருகி, அவர்கள் லிப்டின் அடிக்குழியில் வெள்ளம் புகுந்தது உண்மைதான். புகார் கொடுத்ததும் அப்போதுதான். ஆனால் லிப்ட் ஓடியது நவம்பர் பாதியில். சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மா அதுவரை ஆறாவது மாடியிலேயே அடைந்து கிடந்தாள். முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்று அதைச் சரிசெய்தவர் ஸ்தாமென். அம்மா சூடாகக் கொடுத்தனுப்பிய பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தை, கை முழுக்கக் கிரீஸ் என்பதால் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு நின்றபடியே தின்றார்.

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு தேதிகள் உண்டு: புகார் வந்த தேதி, வேலை முடிந்த தேதி. மாதங்களை அவள் புகார்த் தேதியோடு மட்டும் இணைத்திருந்தாள். முடிந்த தேதியை வைத்து எண்ணு என்று மென்பொருளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. அதனால் வெள்ளத்தில் மூழ்கிய லிப்டுகளை ஸ்தாமென் நவம்பர் முழுக்க ஒவ்வொன்றாக மீட்டதெல்லாம் ஒக்னியானின் அக்டோபரில் போய்க் குவிந்துவிட்டது.

திருத்தி எண்ணினாள். நவம்பர் பட்டை அக்டோபரைத் தாண்டி எழுந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது.

அவள் போய் விஷயத்தைச் சொன்னதும் ஹஜியெவ் தலையைச் சொறிந்தார். "அடடா! சரி, அடுத்த மாசத்துலேருந்து ஒழுங்கா போடும்மா. பழசக் கிளறாத. பண்டிகை வருது பாரு."

வெளியே வந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்தோம் என்று நெஞ்சு லேசானது. தப்பு செய்ததைவிட, அப்படி லேசானதுதான் அவளை அன்று முழுக்கக் குடைந்தது.

ஜனவரிக் கூட்டத்தில், யாரும் கேட்பதற்கு முன் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாள். "போன தடவ காட்டினது தப்பு. நான் பண்ணின தப்பு. நவம்பர்ல அதிக வேல முடிச்சது ஸ்தாமென் அண்ணன்தான்." யாரும் சிரிக்கவில்லை. ஒக்னியான் கைபேசியில் எதையோ தேடினான்.

தாழ்வாரத்தில் ஸ்தாமெனிடம் போனாள். "மன்னிச்சிடுங்கண்ணே."

"அத விடும்மா." அவர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "ஒக்னியான் சிரிச்சதெல்லாம் பெரிசில்ல. எனக்கே சந்தேகம் வரலயே! தண்ணில நின்னவன் நான். ஆனா உன் படத்தப் பாத்ததும், நாம நெனச்ச அளவுக்கு ஒண்ணும் செய்யல போலிருக்கேன்னு நம்பிட்டேன். எனக்கு வயசாயிடுச்சு, கை ஓடலன்னு வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ அழுதுட்டா."

இதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

பிப்ரவரியில் அவர் மறுபடி தலைவரானார். அதிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும், படம் திரைக்கு வந்ததும், குத்தலே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பார்: "இது எந்தத் தேதிய வெச்சு எண்ணினதும்மா?"

ரதோஸ்தினா பதில் சொல்வாள். காது நுனிவரை சுடும்.